மாமல்லபுரம் முதல் குமரி வரை: இரண்டு முதுகுப்பை, ஒரே பணப்பை

2025 ஜனவரி 5 – கோவையிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

கல்யாணமாகி எட்டு மாதம். கையில் 30,000 ரூபாய், 20 நாள் விடுப்பு. மாமல்லபுரத்தில் தொடங்கி, கடலை விடாமல் ஒட்டியே கன்னியாகுமரி வரை முதுகுப்பையோடு போக வேண்டும் என்று இருவருக்கும் ஆசை. நண்பர்களிடம் சொன்னால் ஒரே பாட்டு: நம் கடற்கரையில் கோயிலும் கருவாடும்தான், ஜோடியாகப் போனால் லாட்ஜில் அறை கிடைக்காது, வெயிலில் வதங்கிப் போவீர்கள், பேசாமல் கோவா போங்கள். இந்தப் பணத்தில் இது முடியாது என்றே எனக்கும் இப்போது தோன்றுகிறது. யாராவது போயிருக்கிறீர்களா?

ஜனவரி 5, இரவு

முடியும் தம்பி. நானும் என் வீட்டுக்காரரும் போனோம். 2024 ஜனவரி 29 அன்று மாமல்லபுரத்தில் இறங்கினோம், பிப்ரவரி 15 அன்று கன்னியாகுமரியிலிருந்து திருச்சிக்கு வண்டி ஏறினோம். 18 நாள், 17 இரவு. இருவருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 1,400 ரூபாய் ஆனது.

கோவா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கரையில் கோயிலும் கருவாடும்தான் என்று சொல்பவர்கள் பிச்சாவரத்தில் துடுப்புப் படகில் போனதில்லை, கோடியக்கரையில் பூநாரை பார்த்ததில்லை, மணப்பாட்டு மணல் குன்றின் மேல் ஏறி நின்றதில்லை. கருவாடு நல்ல பொருள்தான், அது வேறு கதை.

நாளைக்கு விவரமாக எழுதுகிறேன்.

ஜனவரி 6

முதலில் பேருந்து, ஏனென்றால் நம் மாநிலத்தில் ஜோடிக்குக் கிடைக்கிற பெரிய சலுகை அதில்தான் இருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. நடத்துநர் பூஜ்யம் போட்ட சீட்டை எனக்குக் கிழித்துக் கொடுப்பார், இவர் தன் சீட்டுக்கு மட்டும் காசு கொடுப்பார். இரண்டு பேர் போகிற பயணம், ஒருத்தர் செலவில்.

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி, நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணி, வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை, ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி. இப்படித் துண்டு துண்டாகப் போனால் நேரம் ஆகும், பணம் ஆகாது. நகரப் பேருந்தில் போனால்தான் ஊரும் தெரியும். கூடையோடு ஏறும் மீன்காரம்மாக்கள் எந்த நிறுத்தத்தில் இறங்குகிறார்களோ அங்கே நல்ல சாப்பாட்டுக் கடை இருக்கும். 18 நாளில் ஒருமுறைகூட இது பொய்க்கவில்லை.

பை: என்னுடையது 6 கிலோ, இவருடையது 8 கிலோ. குடை கட்டாயம், தொப்பி போதாது. மலையேறப் போகிறவர்கள் வைத்திருக்கிற சீக்கிரம் காயும் நுண்ணிழைத் துண்டு வாங்கிப் போனோம், உப்புக் காற்றில் அது பிசுபிசுத்துக்கொண்டே இருந்தது. சிதம்பரத்தில் இரண்டு ஈரிழைத் துண்டு வாங்கினோம். துடைக்க, போர்த்த, பேருந்து சன்னலில் வெயிலுக்கு மறைக்க, தலையணைக்கு மேல் விரிக்க, எல்லாவற்றுக்கும் அதுதான்.

ஜனவரி 9

தம்பி கேட்டது: "கடற்கரை என்றால் மணலில் படுத்துக் கிடக்கலாமா?"

காலையும் மாலையும் படுக்கலாம். பகலில் முடியாது. கிழக்குக் கரைக்கு ஒரு சுபாவம் உண்டு. சூரியன் கடலில் எழுவதால் ஏழு மணிக்கே முகத்தில் அடிக்கும். மதியத்துக்கு மேல் வெயில் முதுகுப் பக்கம் போய்விடும், கடற்காற்று ஏறும், நான்கரைக்கு மேல் மணல் சுகமாக இருக்கும். அதனால் காலை ஐந்தரைக்கு எழுந்து நடை, எட்டரைக்குள் இட்லி, பதினொன்று முதல் மூன்றரை வரை அறையிலோ மரத்தடியிலோ பேருந்திலோ. இந்த அட்டவணையை மீறிய நாளில் எல்லாம் எங்களுக்குள் சண்டை வந்தது. வெயில் ஏறினால் பேச்சில் காரம் ஏறுகிறது.

புதுச்சேரியில் மணல் தேடி ஏமாறாதீர்கள். நகரத்தை ஒட்டிக் கருங்கல்தான் கொட்டிக் கிடக்கும். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980களின் கடைசியில் ஊருக்குத் தெற்கே துறைமுகத்துக்காக அலைத்தடுப்புக் கட்டினார்கள், மணல் அங்கேயே நின்றுவிட்டது, வடக்கே கடற்கரை கரைந்து போனது. பிறகு கடலுக்கடியில் திட்டு போட்டதில் தலைமைச் செயலகத்துப் பக்கம் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. மாலை ஆனால் கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள். இரண்டு மணி நேரம் கைகோத்து நடந்தோம், பத்துப் பைசா செலவில்லை. அந்த ஊரில் எங்களுக்குப் பிடித்தது அது ஒன்றுதான். அறை வாடகை மற்ற ஊர்களைப் போல் இரண்டு மடங்கு.

ஜனவரி 9, பின்னிரவு

ஒரு திருத்தம். வேறொரு உரையாடலில் தரங்கம்பாடிக் கோட்டையை டச்சுக்காரர் கோட்டை என்று எழுதிவிட்டேன், ஒருவர் சுட்டிக்காட்டினார். அது டேனியர் கட்டியது. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்றுக் கட்டினார்கள், 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். டச்சுக் கோட்டை இருப்பது சதுரங்கப்பட்டினத்தில், கல்பாக்கத்துக்குப் பக்கத்தில். இரண்டையும் பார்த்துவிட்டே குழப்பியிருக்கிறேன்.

ஜனவரி 14

பொங்கல் வாழ்த்து. அடுப்பு அணைந்த கையோடு எழுதுகிறேன்.

அறை. நண்பர்கள் பயமுறுத்துவதில் பாதிதான் உண்மை. இருவரின் ஆதாரையும் நீட்டினால் பத்தில் ஒன்பது இடத்தில் மறு பேச்சில்லை. ஒரு கோயில் ஊரில் மட்டும், பெயர் சொல்லவில்லை, என் அட்டையில் அப்பா பெயர் இருந்ததால் கல்யாணப் புகைப்படம் கேட்டார்கள். இவர் கைப்பேசியில் தேடித் தாலி கட்டும் படத்தைக் காட்டினார். அந்த மனிதர் பெரிதாக்கிப் பார்த்து, என் முகத்தையும் பார்த்து, பிறகு சாவி கொடுத்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பை மாட்டியபடி நின்ற பெண்ணைப் பார்த்தால் அவர்களுக்கு ஒரு சந்தேகம், அதே பெண் பட்டுப்புடவையில் வந்தால் சந்தேகம் இல்லை. அந்த இரவு அங்கே தங்கினோம், இருட்டிவிட்டது, வேறு வழி இல்லை. காலையில் காபிகூடக் குடிக்காமல் கிளம்பினோம்.

தனிச்செய்தியில் ஒரு பெண் கேட்டிருந்தார், கல்யாணம் ஆகாதவர்கள் என்ன செய்வது என்று. திருமணமாகாத இருவர் ஓர் அறையில் தங்குவதைக் குற்றமாக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று சென்னை உயர்நீதிமன்றம் 2019 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. அதை வைத்து இரவு ஒன்பது மணிக்கு வரவேற்பு மேசையில் வாதாடலாம், ஆனால் சாவி அவர்கள் கையில். மாமல்லபுரத்திலும் புதுச்சேரியிலும் இந்தத் தொல்லை குறைவு. கோயில் ஊர்களுக்கு முன்கூட்டியே தொலைபேசியில் நேராகக் கேட்டுவிட்டுப் போங்கள், வாசலில் நின்று அவமானப்படுவதைவிட அது மேல்.

ஜனவரி 20

இரண்டு நாளாக யோசித்துவிட்டு எழுதுகிறேன். பெண்கள் இதை நன்றாகப் படியுங்கள், கூடப் போகிற ஆண்கள் இரண்டு முறை படியுங்கள்.

சிக்கனப் பயணம் என்றால் கடைசியில் யாருடைய உடம்பிலிருந்து காசை மிச்சம் பிடிக்கிறோம் என்பதுதான் கேள்வி. இவருக்குப் பனைமரத்துக்குப் பின்னால் ஒதுங்கினால் ஆயிற்று. எனக்கு ஆகாது. அதனால் நான் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். யாரும் சொல்லவில்லை, நானாகவே. காலையில் ஒரு காபி, பேருந்தில் வெறும் தொண்டை, அறைக்குப் போனபிறகு ஒரு சொம்பு. சிதம்பரத்திலிருந்து தரங்கம்பாடி போகிற வழியிலேயே எரிச்சல் ஆரம்பித்துவிட்டது. நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தபோது காய்ச்சல். சிறுநீர்த் தொற்று. மருத்துவரம்மா என்னைப் பார்த்து, "சுற்றுலா வந்தியாம்மா? தண்ணி குடிச்சியா?" என்று இரண்டே கேள்விதான் கேட்டார். இரண்டாவது கேள்விக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது. மாத்திரை, பரிசோதனை எல்லாம் சேர்த்து 640 ரூபாய்.

மறுநாள் வேதாரண்யம். இவர் முன்னால் போய் அறை பார்த்தார். பொதுக் கழிவறை உள்ள அறை, 250 ரூபாய் குறைவு. சந்தோஷமாக முன்பணம் கட்டிவிட்டு வந்தார். மாத்திரை சாப்பிடுகிற நான் இரவில் ஐந்து முறை விளக்கில்லாத நடைவழியில் போய் வர வேண்டியிருந்தது, தாழ்ப்பாள் சரியாக விழாத கதவு. மூன்றாவது முறை இவரை எழுப்பிக் கதவுக்கு வெளியே காவல் நிறுத்தினேன். காலையில் பேசவே இல்லை. அகஸ்தியம்பள்ளி உப்பளப் பாத்தி வரப்பில் முன்னும் பின்னுமாக ஒரு மணி நேரம் நடந்தோம், நடுவில் இருபதடி இடைவெளி. 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பெடுத்த மண். நாங்கள் திருச்சியிலிருந்து வந்து அங்கே முறைத்துக்கொண்டு நின்றோம்.

கடைசியில் இவர்தான் நின்று, "எவ்ளோ மிச்சமாச்சோ அதை உன் கையில குடுத்துடறேன், இனிமே ரூம் நீ பாரு" என்றார். அன்றிலிருந்து அறையும் கழிவறையும் என் முடிவு, பேருந்தும் சாப்பாடும் அவர் முடிவு.

நடைமுறையில் சொல்வதென்றால், கழிவறை உள்ளேயே இருக்கும் அறைதான், அதில் பேரம் இல்லை. பேருந்து நிலையக் கட்டணக் கழிவறைக்குச் சில்லறை தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வேளாங்கண்ணி மாதிரிப் பெரிய வழிபாட்டுத் தலங்களில் வசதி உண்டு, தயங்காமல் உள்ளே போங்கள். சென்னைக்குத் தெற்கே கோவளம், புதுச்சேரிக்குத் தெற்கே ஈடன் கடற்கரை, இரண்டும் சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தருகிற நீலக்கொடிச் சான்று பெற்றவை. கழிவறை, உடை மாற்றும் அறை, உயிர்காப்பாளர் எல்லாம் உண்டு. நனைய ஆசை இருந்தால் அங்கே நனையுங்கள். ஈரச் சேலையோடு பேருந்தில் ஒட்டிக்கொண்டு உட்காரும் கஷ்டம் மிச்சம்.

ஜனவரி 21

மேலே எழுதியதைப் படித்துவிட்டு இவர் ஒரு மணி நேரம் அமைதியாக இருந்தார். பிறகு, "தண்ணி குடிக்கலேன்னு நீ சொல்லவே இல்லையே" என்றார். அதுவும் நியாயம். எரிச்சல் ஆரம்பித்த அன்றே சொல்லியிருந்தால் அவர் அந்த அறையை எடுத்திருக்கமாட்டார். நேற்று எழுதியதை மாற்றவில்லை, இதையும் கூடவே படியுங்கள்.

ஜனவரி 27

செலவு நோட்டு கிடைத்துவிட்டது, அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. நான் சொன்ன 1,400 தவறு. அறை 17 இரவுக்கு 13,600. சாப்பாடு 8,640. பேருந்தும் ரயிலும் 2,300. படகு, நுழைவுச் சீட்டு 1,150. மருந்து, இளநீர், துண்டு, சலவை 1,900. மொத்தம் 27,590, அதாவது நாளைக்கு 1,533. தம்பி, உங்கள் 30,000 ரூபாயை 20 நாளுக்கு இழுத்தால் நாளைக்கு 1,500தான் வரும். 18 நாளாகக் குறையுங்கள், 2,000 ரூபாய் அவசரத்துக்குக் கையில் நிற்கும்.

எல்லாமே நகரப் பேருந்தில் போகலாம் என்பதுபோல் எழுதியதும் சரியில்லை. வேதாரண்யத்திலிருந்து ராமநாதபுரம் வரை அப்படித் துண்டாகப் போக முடியாது, தொலைதூரப் பேருந்துதான், இருவருக்கும் சீட்டு எடுக்க வேண்டும். முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், தொண்டி என்று நாள் முழுக்க உட்காரும் வேலை. மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் மனோராவைச் சன்னல் வழியாகப் பார்த்தோம், நெப்போலியன் தோற்றதைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி கட்டிய எட்டு நிலைக் கோபுரம். இறங்கத் தெம்பில்லை.

பிப்ரவரி 2

ராமேஸ்வரம் போகிற தேதியைப் பஞ்சாங்கம் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். நாங்கள் பிப்ரவரி 8 மாலை ராமநாதபுரத்தில் இறங்கினோம். மறுநாள் தை அமாவாசை. பாம்பன் பாலம் வரை வண்டிகள், ராமேஸ்வரத்தில் விசாரித்த இடத்தில் எல்லாம் அறை இல்லை. ராமநாதபுரத்திலேயே இரண்டு இரவு தங்கிக் கூட்டம் வடிந்தபிறகு போனோம். ஒரு பகல் வீண் என்று நினைத்தேன். பக்கத்தில் கீழக்கரை போய்த் தொதல் வாங்கித் தின்றோம், கருப்பட்டியும் தேங்காய்ப் பாலும் போட்டுக் கிண்டிக் கிண்டி எண்ணெய் பிரிய இறக்கியது. அந்த நாளும் வீணில்லை.

தனுஷ்கோடி. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்டதிலிருந்து பேருந்தே போகிறது. எல்லோரும் முனை வரை போய்ப் படம் எடுத்துக்கொண்டு அதே பேருந்தில் திரும்புகிறார்கள். நாங்கள் இடிந்த மாதா கோயில் பக்கத்திலேயே காலை ஏழுக்கு இறங்கிவிட்டோம். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் போன ஊர். ரயிலோடு மனிதர்களும் போனார்கள். சுவர்கள் பவளப் பாறைக் கல், கையால் தடவினால் தேன்கூடு மாதிரிச் சின்னச் சின்னத் துளை.

சாலைக்கு ஒரு பக்கம் பாக் நீரிணை, தட்டு மாதிரி அசையாமல் கிடக்கும், பெண் கடல் என்கிறார்கள். இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா, இரைச்சலோடு புரளும், ஆண் கடல். பெண் கடல் பக்கம் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கயிறு, கயிற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். இவர் போய் நின்றார், ஒரு பெரியவர் ஒன்றும் கேட்காமல் இடம் விட்டார். முக்கால் மணி நேரம் இழுத்து வந்த வலை மடியில் நெத்திலியும் காரலும், நடுவில் ஒரு கணவாய். இவர் உள்ளங்கை இரண்டும் சிவந்து தோல் உரிந்துவிட்டது.

எனக்குத் தாகம். எங்கள் புட்டி காலி. நாகப்பட்டினத்துக்குப் பிறகு நான் தாகத்தை மறைப்பதில்லை. ஓலைக் குடிசை வாசலில் இருந்த ஆத்தாவிடம் தண்ணீர் கேட்டேன். "வா தாயி" என்று கூட்டிப் போனார், கடலிலிருந்து நூறடி இருக்கும். மணலில் மண்டி போட்டுக் கொட்டாங்குச்சியால் தோண்டினார். முழங்கை ஆழம்கூட இல்லை. பள்ளத்தின் அடியில் மணல் முதலில் கறுத்தது, பிறகு பளபளத்தது, ஓரங்களிலிருந்து மெதுவாகத் தண்ணீர் கசிந்தது. முதல் கலங்கலை இறைத்து வெளியே ஊற்றினார், இரண்டாவதையும் ஊற்றினார், மூன்றாவதை நீட்டினார். உப்பே இல்லை. தேங்காய் வாசனையோடு சில்லென்று இருந்தது. "இன்னும் தோண்டுனா கரிச்சிரும்" என்றார். மழைத் தண்ணீர் கனம் குறைவு என்பதால் கீழே இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்து நிற்கிறது, அதைக் கலைக்காமல் மேலாக எடுக்கத் தெரிய வேண்டும். அவருக்குத் தெரிந்திருந்தது. காசு கொடுக்கப் போனேன், "தண்ணிக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் வாசலில் காய்ந்துகொண்டிருந்த நெத்திலிக் கருவாட்டில் அரைக் கிலோ வாங்கினேன், அதற்கு விலை சொன்னார்.

அந்தக் கருவாட்டை மூன்று பைக்குள் போட்டுக் கட்டியும் கன்னியாகுமரி வரை பேருந்தில் எங்கள் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. தாராளமாகக் கால் நீட்டி வந்தோம்.

பிப்ரவரி 15, தூத்துக்குடி

இவருக்கு ஐந்து நாள் விடுப்பு. போன வருடம் அவசரமாகத் தாண்டிய கடைசிப் பகுதியை மட்டும் மறுபடி நடக்க வந்திருக்கிறோம். தைப்பூசக் கூட்டம் பிப்ரவரி 11 அன்றோடு முடிந்துவிட்டது, தேதி பார்த்துத்தான் வந்தோம். பொரிச்ச பரோட்டா தின்றாயிற்று. மக்ரூன் கால் கிலோ. முந்திரியும் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் மட்டும்தான், வாயில் வைத்தால் காணாமல் போகிறது. பையில் வைத்தால் நொறுங்குகிறது, அதனால் உடனே தின்றுவிட வேண்டும்.

பிப்ரவரி 17, மணப்பாடு

தம்பி, இங்கே ஒரு நாள் ஒதுக்குங்கள். திருச்செந்தூரிலிருந்து தெற்கே 18 கிலோமீட்டர், குலசேகரன்பட்டினம் தாண்டி. தங்க இடம் எங்களுக்குத் திருச்செந்தூரில்தான் கிடைத்தது, காலையில் வந்து இருட்டும் முன் திரும்பலாம். மணல் குன்றின் உச்சியில் 1581இல் கட்டிய திருச்சிலுவைக் கோயில், கீழே பாறைக் குகை, 1542இல் சவேரியார் வந்து தங்கிய இடம் என்று விளக்கு வைத்திருக்கிறார்கள். குன்றின் ஒரு பக்கம் அலை அடித்துச் சிதறுகிறது, மறுபக்கம் வளைகுடா அடங்கிக் கிடக்கிறது, அங்கே படகுகள். போன வருடம் பேருந்திலிருந்து பார்த்து "அழகா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டோம். இன்று ஏழு மணி நேரம் இருந்தோம். மொத்தச் செலவு 210 ரூபாய்.

இன்னொன்று. இரவு திருச்செந்தூரில் நாழிக்கிணற்றில் தண்ணீர் அள்ளியபோது தனுஷ்கோடி ஆத்தா நினைவு வந்தது. கடலுக்கு இத்தனை அருகில் நல்ல தண்ணீர்.

பிப்ரவரி 22

கன்னியாகுமரியில் ஒரு இரவு போதும். சூரியன் எழுவது, விழுவது, படகில் விவேகானந்தர் பாறை, அங்கிருந்து வள்ளுவர் சிலைக்குப் போன டிசம்பர் 30 அன்று திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம். படகு வரிசைக்குக் காலை ஏழுக்கே நின்றுவிடுங்கள். பிறகு வட்டக்கோட்டை போங்கள், கூட்டம் இருக்காது.

மார்ச் 9

குளிப்பதைப் பற்றிக் கேட்டிருந்தார் இன்னொருவர். மாமல்லபுரத்திலும் புதுச்சேரியிலும் அலை சின்னதாகத் தெரிந்தாலும் காலுக்கடியில் இழுக்கும். எங்கள் கண்முன்னால் மாமல்லபுரத்தில் ஒரு பையனை மீனவர்கள் இழுத்துப் போட்டார்கள், பிழைத்தான். அன்றிலிருந்து எங்கள் விதி, அந்த ஊர் மீனவரிடம் கேட்டுவிட்டுத்தான் இறங்குவது. அவர்கள் "நீவாடு இருக்கு" என்றால் கரையிலேயே கால் நனைத்துத் திரும்புவது. நீரோட்டத்துக்கு அவர்கள் சொல்லும் பெயர் அது. அப்படியே இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு விட்டபிறகு கரைக்கு வர வேண்டும். இருவரில் ஒருவர் எப்போதும் கரையில். இதில் ரொமான்ஸ் வேண்டாம்.

ஏப்ரல் 8

நேற்று முன்தினம் பாம்பனில் புது ரயில் பாலம் திறந்துவிட்டார்கள். நாங்கள் போனபோது ரயில் பாலத்துக்கு முன்னால் மண்டபம் ஊரோடு நின்றுவிட்டது, இனி ராமேஸ்வரம் வரை ரயிலிலேயே போகலாம். ஆனாலும் ஒருமுறை பேருந்தில் பாலம் கடந்து பாருங்கள், சன்னல் கம்பி வழியாக வரும் காற்று குடையைப் பிடுங்கிக்கொண்டு போகும்.

ஏப்ரல் 20

தம்பி எழுதியிருந்தார், மே மாதம் விடுப்பு கிடைத்திருக்கிறது, கிளம்பட்டுமா என்று. வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், 61 நாள். மீன் குறைவு, விலை கூடுதல், உங்கள் சாப்பாட்டுக் கணக்கு தகர்ந்துவிடும். அதைவிட வெயில். உங்கள் மனைவி 7 கிலோ தூக்கிக்கொண்டு மே மாத ராமநாதபுரத்தில் நிற்கக்கூடாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, புயல். தை பிறக்கட்டும்.

டிசம்பர் 21

எட்டு மாதம் கழித்துத் தம்பியிடமிருந்து செய்தி. இருவருக்கும் விடுப்பு கிடைத்துவிட்டது, இந்த முறை அவர் மனைவியும் கேள்விகள் அனுப்பியிருக்கிறார், பதினொரு கேள்வி. அதில் ஒன்பது கழிவறை, தண்ணீர், அறை பற்றி. அதைப் பார்த்ததும் மனசுக்கு நிறைவாக இருந்தது.

2026இல் தை அமாவாசை ஜனவரி 18, தைப்பூசம் பிப்ரவரி 1. பிப்ரவரி 3 அன்று மாமல்லபுரத்தில் இறங்குங்கள், இரண்டு கூட்டமும் உங்களுக்கு முன்னாலேயே வடிந்திருக்கும். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் ஒரே சீட்டு, தலைக்கு 40 ரூபாய், ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடுங்கள். பிச்சாவரத்தில் துடுப்புப் படகு கேளுங்கள், இயந்திரப் படகு குறுகிய வாய்க்காலுக்குள் போகாது. சுரபுன்னை வேர்களுக்கு நடுவே துடுப்புச் சத்தம் மட்டும் கேட்கும்.

தங்கைக்கு: தண்ணீர்ப் புட்டி ஆளுக்கு ஒன்று, பொதுவாக ஒன்று வேண்டாம். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, மாலையில் ஒன்று காலி ஆக வேண்டும். வேதாரண்யத்தில் நீங்களே போய் அறை பாருங்கள். கழிவறைத் தாழ்ப்பாளை இரண்டு முறை போட்டு எடுத்துப் பார்த்தபிறகு முன்பணம் கொடுங்கள்.